நாடாளுமன்ற ஊழியர் நியமனம் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் இலங்கை நாடாளுமன்றம் என்று பேச்செடுத்தால் எம்.பி.மாரின் சாப்பாட்டில்தான் போய் நிற்கிறது. அவர்களிடம் ஒரு நாள் சாப்பாட்டுக்கு அறவிடும் பணம் 450 ரூபாவிலிருந்து 2025இல் 2000 ரூபா ஆனதும் பஸ் ஸ்டாண்ட் வரை பெரிய சந்தோஷம். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தை நாளாந்தம் நடத்துகிறவர்கள் 225 எம்.பி.மாரும் இல்லையே.

நடத்துகிறவர் நாடாளுமன்றச் செயலாளர் நாயகம். உயர் பதவி நியமனங்களைப் பரிசீலிக்கிற அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு ஜனாதிபதி அவரை நியமிக்கிறார், அவருக்குக் கீழே உள்ள ஊழியர்களை அவரே சபாநாயகரின் அங்கீகாரத்தோடு நியமிக்கிறார். தேர்தல் வந்து எம்.பி.மார் மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்கிற ஒரு எழுதுவினைஞருக்கு அநியாயம் நடந்தால் அரசாங்க சேவை ஆணைக்குழு வரை போகலாம், நாடாளுமன்ற ஊழியரோ அரசியலமைப்பின்படி அந்த ஆணைக்குழுவின் கீழ் வரும் அரச அலுவலரே இல்லை. இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டிய சபையின் ஊழியர் அந்த அரசாங்கத்தின் கைக்குள் இருக்கக் கூடாது. இதை நான் குறை சொல்லவே இல்லை.

என் குறை வேறு. ஊழியர் விவகாரங்களைப் பார்க்க சபாநாயகர் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது, அதில் எதிர்க்கட்சித் தலைவரும் இருக்கிறார் (ஆகவே "எங்களுக்குத் தெரியாது" என்று இரண்டு பக்கமும் சொல்ல முடியாது). யாருக்குப் பதவி உயர்வு, யார் மீது விசாரணை, எந்தப் பதவிக்கு என்ன தகுதி என்பதையெல்லாம் நாலு பேர் ஓர் அறைக்குள் பேசி முடித்தால், வெளியே இருக்கிற எங்களுக்கு வதந்திதான் மிஞ்சும். கணக்காய்வாளர் நாயகம் கணக்கைப் பார்க்கிறார்தான், ஆனால் கணக்கு வேறு நியமனம் வேறு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, நாடாளுமன்றமும் அதற்குள் அடங்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? தனிப்பட்ட விபரங்களை நீக்கிவிட்டு, குழுவின் முடிவுகளையும் வெற்றிடங்களையும் குழு கூடிய கையோடு மூன்று மொழிகளிலும் வெளியிடலாமே. எங்கள் மாவட்டத்திலிருந்து போன நான்கு பேரில் ஒருவராவது இதைச் சபையில் தமிழில் கேட்கட்டும், சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டிலும் தமிழிலேயே ஏறும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை