மடலாடற்குழுவில் சேரப்போகும் சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கல்வெட்டு பேசும் மடலாடற்குழுவில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். நல்லது. விஷயம் எளிதுதான். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அதற்கு நீ எழுதினால், ஒரு மென்பொருள் அந்த மடலை உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பிவிடும். 1986-இல் பாரிஸில் எரிக் தோமா என்ற மாணவர் எழுதிய லிஸ்ட்சர்வ் என்ற மென்பொருள்தான் ஆள் சேர்ப்பது, நீக்குவது எல்லாவற்றையும் தானாக நடக்க வைத்தது. அதற்கு முன் யாராவது உட்கார்ந்து பட்டியலைக் கையால் திருத்த வேண்டும்.

நீ பயப்பட வேண்டியது பதில் பொத்தானுக்கு மட்டும். சில குழுக்களில் அதை அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும், சிலவற்றில் எல்லோருக்கும் போகும். நிர்வாகி வைத்த அமைப்பைப் பொறுத்தது. அனுப்புமுன் பெறுநர் யார் என்று பார்த்துவிடு. நான் இருக்கும் குழுவில் ஒரு பெரியவர் தம் சம்பந்தியைப் பற்றி நண்பருக்கு எழுதியதை நாங்கள் எல்லோரும் படித்தோம். சம்பந்தியும் உறுப்பினர்!

விலகும் வழி பெரும்பாலும் மடலின் அடியிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் "என்னை நீக்குங்கள்" என்று குழுவுக்கே எழுதுகிறவர்கள் எங்கும் உண்டு. முதல் மடல் உடனே வராவிட்டால் பதறாதே, மட்டுறுத்துநர் (மடல்களைச் சரிபார்ப்பவர்) பார்த்துத்தான் விடுவார். மடல்கள் குவிந்தால், அன்றைய மடல்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும் தினத் தொகுப்புக்கு மாறிக்கொள். ஆனால் தொகுப்புக்குப் பதில் எழுதும்போது தலைப்பைத் திருத்தாவிட்டால், ஒரே பேச்சாகத் தொடரும் மடல்களின் இழை அறுந்துவிடும். எந்த வரிக்குப் பதிலோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடு.

வாட்ஸ்அப் போதாதா என்று உன் மகன் கேட்கிறானாம். காலை வணக்கத்துக்குப் போதும். ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் பேசி முடிவுக்கு வர அது ஆகாது. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கிடந்தபோது, பல நாட்டுத் தமிழர்கள் கணினியில் தமிழ் எழுத்துக்கான டிஸ்கி குறியீட்டைப் பேசி வகுத்தது மடற்குழு வழியாகத்தான். பழைய மடல்களைத் தலைப்பை வைத்துத் தேடியும் எடுக்கலாம். என்ன, அந்தச் சேமிப்பும் நிரந்தரமில்லை. பல மடற்குழுக்கள் இயங்கிய யாகூ குழுமங்கள் சேவையை 2020 டிசம்பரில் மூடினார்கள்; அதற்கு முந்தைய வருஷமே பழைய மடல்களை அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல மடல்களை உன் கணினியிலும் எடுத்து வை.

அப்புறம், தை பிறந்ததும் நானும் கமலாவும் அங்கே வருகிறோம். கண்ணாடி மாற்றியிருப்பாய் அல்லவா, அந்த நடுகல்லை நீயே படித்துக் காட்டு.

அன்புடன்,
ராமு