மே மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? சென்னை அரசு, மாநகராட்சி மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததும் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி என எல்லாச் சான்றிதழுக்கும் ஒரே நேரத்தில் ஓட்டம். இதில் பெரும்பகுதியைப் பிளஸ் ஒன்னிலேயே முடித்துவிடலாம். அதற்கு உங்கள் பள்ளி முன்கை எடுக்க வேண்டும்.

முதலில் பெயர். ஆதாரில் இனிஷியல் இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரே முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதவித்தொகை முதல் கல்விக்கடன் வரை சிக்கல் இங்கேதான் தொடங்கும். மதிப்பெண் பட்டியலை வைத்து மற்றவற்றைத் திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலையே திருத்தக் கிளம்பினால் அலைச்சல் பல மடங்கு.

முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வில் சேர்பவர்களுக்குத்தான்; மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் பெற்றோர் உண்டு. அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை: ரேஷன் கார்டில் பழைய முகவரியே இருந்தால், சான்றிதழ் விசாரணைக்கு வரும் அதிகாரிகள் பழைய வட்டாரத்தில் தேடுவார்கள், ஆள் இருக்கமாட்டார். முகவரி மாற்றம் முதலில், சான்றிதழ் பிறகு.

தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான ஆதாரம் வேண்டும். இடையில் பள்ளி மாறிய பிள்ளைக்குப் பழைய பள்ளியின் சான்றையும் இப்போதே வாங்கிவையுங்கள். கோடை விடுமுறையில் அங்கே கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

கல்லூரி சேரும் மாணவியருக்கான புதுமைப் பெண், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் எந்தக் கணக்குக்கு வரும்? வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது. அரசுப் பணம் வருவதற்கான ஆதார் இணைப்பு ஒரு நேரத்தில் ஒரே கணக்கில்தான் இருக்கும். இரண்டு கணக்கு வைத்திருக்கும் மாணவிக்குப் பணம் மறந்துபோன கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். எது இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

கல்விக்கடனைப் பற்றிப் பயமும் உண்டு, அலட்சியமும் உண்டு. 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. ஆனால் வட்டியைப் பெற்றோர் முன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருஷம், 9 சதவீதத் தனிவட்டி என்றால், படிப்பு முடிந்து ஓராண்டுக்குள் வட்டி மட்டும் 1,26,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் அல்லது என்.பி.ஏ. (உயர்கல்வியின் தரத்தை மதிப்பிடும் அமைப்புகள்) அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்படிப்பு என்றால் இந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதற்கான வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுக்காமல் விட்டால் பாரம் குடும்பத்தின் தலையில். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம். கூட்டுக் கடன்தாரராகும் அப்பாவின் பழைய கடன் நிலுவையை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது, பல விண்ணப்பங்கள் அங்கேதான் கவிழ்கின்றன.

எந்தப் படிப்பு என்பதை மாநில அரசின் ‘நான் முதல்வன்’ வழிகாட்டுதல் வகுப்புகள் பேசுகின்றன. காகித வேலைக்குத்தான் ஆளில்லை. பொங்கல் விடுமுறை முடிந்ததும் பிளஸ் ஒன் வகுப்புக்கு ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கி, பிள்ளைக்கு ஒரு கோப்பு வீதம் தொடங்குங்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், கோப்புகளைச் சரிபார்க்க நாங்கள் வந்து உட்காருகிறோம்.

இப்படிக்கு,
உயர்கல்வி வழிகாட்டுதலில் ஈடுபட்டுள்ள தன்னார்வலர்கள்,
சென்னை