வடக்கின் மழைக்காலத்தில் ஒரு றக்பிப் பருவம்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை றக்பி நிர்வாகத்தினருக்கும், பாடசாலைகள் றக்பிச் சங்கத்தினருக்கும், வடமாகாணக் கல்வித் திணைக்களத்தின் உடற்கல்விப் பிரிவினருக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

வலிகாமத்தில் உள்ள ஒரு பாடசாலையில் நான் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பாடசாலை விட்ட பின்னர், மாலை மூன்றரை மணி முதல் பொழுது சாயும் வரை, முப்பதுக்கும் குறைவான மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் ஆறு ஆண்டுகளாக றக்பி பழக்கி வருகிறேன். கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் ஊறிப்போன இந்த மண்ணில், முட்டை வடிவப் பந்தைக் கண்டால் வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திச் சிறிது நேரம் பார்ப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். அவர்களை மதிலோரம் நிற்க வைப்பது எப்படி என்பதே ஆறு ஆண்டுகளாக என் யோசனை. வடக்கில் இந்த விளையாட்டு வேரூன்ற வேண்டும் என்று நீங்களும் விரும்புகிறீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கொழும்புக்கும் கண்டிக்கும் வகுக்கப்பட்ட பருவத்தையும் ஆட்ட முறையையும் அப்படியே இங்கு கொண்டுவந்து இறக்காமல், எங்கள் மழைக்கும் மண்ணுக்கும் பொருந்திய வடக்குப் பருவம் ஒன்றைத் தொடங்கித் தாருங்கள்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். அதன் மேல் பல இடங்களில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக்கூட மண் கிடையாது. பாடசாலை றக்பி பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில் ஆடப்படுகிறது. தென்மேல் பருவமழை கொழும்பின் மைதானங்களையும் மலைநாட்டின் மைதானங்களையும் நனைத்துப் பசுமையாக வைத்திருக்கும் காலம் அது. அதே வைகாசியிலும் ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கம் சோளகம் வீசிப் புழுதியை வாரிக் கண்ணில் அடிக்கிறது, புல் கருகிவிடுகிறது, காலணியின் கூர் நிலத்தில் இறங்காமல் வழுக்குகிறது. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், எதிராளியின் இடுப்பைப் பிடித்து விழுத்தும் பயிற்சியை அரை மணி நேரம் செய்து பார்த்தோம். ஒன்பது பேரின் முழங்கால்களிலும் முழங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது. விழக் கற்றுக்கொள்ளாதவன் றக்பி ஆட முடியாது. ஆனால் விழுவதற்கு நிலம் இடம் கொடுக்க வேண்டும் அல்லவா?

எங்கள் நிலம் இடம் கொடுப்பது ஐப்பசியில் மழை விழுந்த பிறகுதான். கார்த்திகையிலும் மார்கழியிலும், வெள்ளம் நிற்கும் நாட்களை விட்டுவிட்டால், இதே மைதானத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு விழுந்து எழும்புகிறார்கள். மழையில் கிரிக்கெட் நின்றுவிடும், றக்பி நிற்காது. தை பிறந்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும். அதைத் தொடர்ந்து கிரிக்கெட் பெரும் போட்டிகள் வந்துவிடும். ஆகவே ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி வரையான இரண்டரை மாதமே எங்களுக்கு இயற்கை ஒதுக்கித் தந்த காலம். இடையில் பரீட்சைகளும் விடுமுறையும் குறுக்கிடும் என்பதை அறிவேன். அப்படி இருந்தும் சனிக்கிழமைகளில் ஆறு வாரங்கள் கிடைக்கும். எழுவர் ஆட்டத்தில் ஒரு பாதி ஏழு நிமிடங்கள்தான். ஒரே சனிக்கிழமை முற்பகலில் நான்கு பாடசாலைகள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடி முடித்துவிடலாம். தேசிய அட்டவணையை மாற்றும்படி நான் கேட்கவில்லை. அந்த அட்டவணைக்கு வெளியே, ஆறு சனிக்கிழமைகளுக்கு அங்கீகாரமும் நடுவர்களும் தாருங்கள் என்றே கேட்கிறேன்.

ஓர் ஊரில் ஒரு விளையாட்டு எப்படி வேர்விடும் என்பதற்குக் கண்டியே சான்று. 1891 இல் எல். ஈ. பிளேஸ் அங்கே தொடங்கிய பாடசாலைதான் பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரி ஆயிற்று. 1906 இல் அந்தக் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே இந்நாட்டில் பாடசாலைகளுக்கு இடையே நடந்த முதல் றக்பி ஆட்டம். 1945 இல் றோயல் கல்லூரி அதிபர் பிராட்பி வழங்கிய கேடயத்துக்காக றோயலும் திரித்துவமும் ஆடத் தொடங்கின. கொழும்பில் ஓர் ஆட்டம், கண்டியில் ஓர் ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி. அந்த ஏற்பாட்டில் இரு ஊர்களும் ஆண்டுதோறும் ஒரு முறை விருந்தாளியாகவும் ஒரு முறை விருந்தளிப்பவராகவும் ஆகின்றன. பழைய மாணவர்கள் நாளைக் குறித்து வைத்துக் காத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கம் தேவையில்லை. 1904 முதல் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் கிரிக்கெட்டில் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமர் நாளில் இந்த நகரம் எப்படி இருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்டுதோறும் அதே இரு பாடசாலைகள் அதே வாரத்தில் மோதும் வழக்கம் றக்பிக்கு இங்கே இன்னும் பிறக்கவில்லை என்பதே எங்கள் குறை.

அந்த இடத்தை இதுவரை நிரப்பியவை ஒருநாள் முகாம்கள். நான் கலந்துகொண்ட ஒரு முகாமில் காலை எட்டு மணிக்குப் பந்தலும் பதாகையும் வந்தன. பத்து மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பந்துகளைக் கையளிக்கும் படம் எடுக்கப்பட்டது. இரண்டு மணிக்கு மைதானத்தில் எவரும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த நான்கு பந்துகளில் இன்று எஞ்சியிருப்பது ஒன்று. அதன் மேற்பரப்பில் இருந்த சிறு புள்ளிகள் தேய்ந்து, வியர்வைக் கையில் நிற்காமல் நழுவுகிறது. காற்றுப் போனபோது சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துத் தையலைப் பிரித்து, சந்தியில் உள்ள சைக்கிள் கடையில் உள்ளே இருக்கும் பைக்கு ஒட்டுப் போட்டு, மறுபடியும் தைத்து எடுத்தோம். சைக்கிள் கடை ஐயா காசு வாங்கவில்லை. ‘‘இது எந்தப் பக்கம் எழும்பும் என்று உங்களுக்குத் தெரியுமோ, வாத்தியார்?’’ என்று மட்டும் கேட்டார். அந்த முகாமை நடத்தியவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு நாளில் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பந்தைக் காட்டுவதை விட, மூன்று ஆண்டுகளுக்கு நூறு பிள்ளைகளோடு இருப்பது மேல் என்பதே என் அனுபவம்.

ஆட்ட முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து பேர், இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம், ஆளைப் பிடித்து விழுத்தும் முழு டெக்கிள் என்று தொடங்கினால் இங்கு பெற்றோர் முதல் நாளே பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றுவிடுவார்கள். தொடுகை றக்பியில் தொடங்க வேண்டும். அதில் எதிராளியை விழுத்துவதில்லை. கையால் தொட்டால் போதும். ஆறு தொடுகைக்குப் பிறகு பந்து மற்ற அணிக்குப் போகும். கம்பங்கள்கூடத் தேவையில்லை. இந்த ஆட்டத்தின் பாதியை எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள், ஏனென்றால் தாச்சி என்று நாங்கள் சொல்லும் கிளித்தட்டும் இதே கலைதான்: கோட்டை மறித்து நிற்பவரின் கை படாமல், தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு மறு பக்கத்தால் பாய்வது. எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி, பந்தைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே, ஓடி வந்த வேகத்தில் ஒரு கணம் பாதத்தை ஊன்றி நின்று, மறிக்க வந்த இருவரும் தடுமாறும் நேரத்தில் அவர்களுக்கு நடுவே நுழைந்து போனாள். எங்கே பழகினாய் என்று கேட்டேன். ‘‘கோயில் வீதியிலை தாச்சி மறிக்கிறது, சேர்’’ என்றாள்.

அவளுக்குக் கடினமாக இருந்தது வேறொன்று: பந்தை முன்னோக்கி எறியக்கூடாது என்ற விதி. உதைபந்தாட்டம் ஆடிப் பழகிய எல்லோருக்கும் இதுவே இடறும் கல். நீ முன்னே ஓடு, பந்தைப் பின்னே கொடு என்று எத்தனை முறை சொன்னாலும் கை தானாக முன்னே நீளும். இந்த விதியை ஒரு பிள்ளை உடலால் உணர்ந்துவிட்டால், தனக்குப் பின்னால் தன் ஆட்கள் வருகிறார்கள் என்று நம்பி ஓடத் தொடங்கிவிடும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் இந்த விளையாட்டை விட்டுவிட முடியாதவனானேன்.

வடக்கில் திறமை உண்டா என்று எவரும் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரியின் பிள்ளை. தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் எட்டிய உயரத்தை நாடே அறியும். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் பெற்ற பெயரும் அவ்வாறே. கரையோரக் கிராமங்களில் கரைவலை இழுத்து உரமேறிய தோள்களையும், வெறுங்காலுடன் மணலில் ஓடிப் பழகிய கால்களையும் தேடி எவரும் இன்னும் வரவில்லை. பத்து லட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட பிஜி, எழுவர் றக்பி முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 2016 இல் ரியோவில் தங்கம் வென்றது. அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். அவர்களின் வீரர்கள் சிகடோகா மணற்குன்றுகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்பவர்கள். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டிலும் மணற்குன்றுகள் இருக்கின்றன. கோடையில் மைதானம் கல்லாகும்போது அங்கேயும் காரைநகர்க் கடற்கரையிலும் மணல் றக்பி ஆடலாம்; அதற்கு வேண்டியது ஒரு பஸ்ஸும் சில பந்துகளும்தான்.

மொழியை நான் கடைசிக்கு வைத்தாலும் அதன் கனம் குறைந்தது அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்னர் பயிற்றுநர்களுக்கான ஒரு நெறிக்கு எங்கள் பகுதியிலிருந்து இருவர் சென்றோம். விரிவுரை முழுவதும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. பக்கத்தில் இருந்த, காலியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் இடைவேளைகளில் தாளில் படம் வரைந்து எங்களுக்கு விளக்கினார்; அவருடைய அன்பினால்தான் பாதியாவது விளங்கியது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்த உடனேயே பிள்ளையை மைதானத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அன்று மறுபடியும் இறக்கக்கூடாது என்ற விதி அந்த நெறியில் ஒரு முழுப் பாடம். உயிரோடு தொடர்புடைய அந்தப் பாடத்தை ஓர் ஆசிரியர் அரைகுறையாக விளங்கிக்கொண்டு வீடு திரும்ப விடலாமா? ‘‘பிள்ளையின் தலையில் அடிபட்டால் படிப்பு என்ன ஆகும்?’’ என்று கேட்கும் தாய்க்கு நான் தெளிவான தமிழில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. றக்பியின் இருபத்தொரு விதிகளும் தமிழில் ஒரு சிறு நூலாக வர வேண்டும். பயிற்றுநர் நெறியும் நடுவர் நெறியும் யாழ்ப்பாணத்திலேயே தமிழில் நடக்க வேண்டும். ட்ரை, ஸ்க்ரம், லைன்அவுட் என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும். அவற்றைச் சூழ்ந்த விளக்கம் தமிழில் இருந்தால் போதும்.

2023 இல் இலங்கை றக்பியின் உறுப்புரிமையை உலக றக்பி அமைப்பு இடைநிறுத்தியதையும் பின்னர் அந்தத் தடை நீக்கப்பட்டதையும் நாங்கள் தூரத்தில் இருந்து கவலையுடன் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைமையகத்தில் சிக்கல் வரும்போதெல்லாம் முதலில் மறக்கப்படுவது தொலைவில் உள்ள மாவட்டங்கள்தான் என்பதால், நீங்கள் தரும் எந்த உறுதியும் மூன்று ஆண்டுகளுக்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னுமொன்று. எங்கள் பிள்ளைகளை முதல் ஆண்டிலேயே தெற்கின் வலிமையான அணிகளோடு மோத அனுப்பாதீர்கள். ஒரு முறை இரவு முழுவதும் பஸ்ஸில் பயணித்து, விடிந்ததும் களமிறங்கி, அறுபதுக்கும் மேற்பட்ட புள்ளிகளால் தோற்றுத் திரும்பினோம். எதிரணியினர் பண்போடு நடந்துகொண்டார்கள். தவறு அவர்களுடையது அல்ல. ஆனாலும் அதன் பிறகு ஏழு மாணவர்கள் பயிற்சிக்கு வரவில்லை. அவர்களில் இருவரை நான் வீடு தேடிச் சென்று அழைத்தும் வரவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் நாங்கள் எங்களுக்குள்ளேயே, கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவுப் பாடசாலைகளோடு, வெல்லவும் தோற்கவும் விடுங்கள்.

ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்து பத்து நாட்களில் எங்கள் மைதானத்தில் புல் எழும்பிவிடும். அந்த வாரத்தில் உங்களில் ஒருவராவது பதாகை இல்லாமல், பந்தல் இல்லாமல் வாருங்கள். முடிந்தால் தமிழ் தெரிந்த ஒரு நடுவரையும் அழைத்து வாருங்கள். மூன்றரை மணிக்குத் தொடங்குவோம். அந்த எட்டாம் வகுப்பு மாணவி அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள்.

இங்ஙனம்,
வலிகாமத்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.