வால்வு அம்பிளிபயரும் கச்சான் மாதங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்குச் சுடுகாற்றான கச்சான் அடிக்கத் தொடங்கினால், கண்ணாடிக் குழாய் வால்வுகளால் பாட்டைப் பெருக்கும் வால்வு அம்பிளிபயர் வைத்திருப்போரிடமிருந்து ஒரே முறைப்பாடுதான் வருகிறது: "சத்தம் நல்லா இருக்கு, அறைக்குள்ள இருக்கத்தான் ஏலாது." மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் பழைய வால்வுக் கருவிகளும் வெளிநாட்டிலிருந்து புதிதாய் இறக்கியவையும் இப்போது கூடி வருவதால், இந்த வெக்கையைப் பற்றித் திருத்துவோர் பக்கத்திலிருந்து எழுதுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணம். வெக்கை கூடியதும் பலர் சத்தத்தைக் குறைக்கிறார்கள். அதனால் பயனில்லை. வால்வின் வெப்பத்தில் பெரும்பகுதி பாட்டே இல்லாமல் சும்மா எரிந்துகொண்டிருக்கும்போது வருவது. ஒரு சனலுக்கு இரண்டாக நான்கு ஈஎல்34 என்ற பவர் வால்வு உள்ள ஸ்ரீரியோ அம்பிளிபயரை எடுத்துக்கொள்ளுங்கள். வால்வைச் சூடாக்கும் உள்கம்பியான ஹீற்றர் ஒன்றுக்கு 6.3 வோல்ற், 1.5 அம்பியர், அதாவது 9.45 வாட். நான்குக்கும் 38 வாட். எலெக்ட்ரன்களை வாங்கும் தகடான அனோட்டில் 400 வோல்ற், 44 மில்லி அம்பியர் ஓடினால் ஒன்றுக்கு 17.6 வாட், நான்குக்கும் 70 வாட். சின்ன வால்வுகள், வால்வின் உள்வலையான ஸ்கிரீன், மின்னை நேராக்கும் றெக்டிபயர், ட்ரான்ஸ்போமர் இழப்பு எல்லாம் சேர்ந்தால் 160 முதல் 180 வாட் வரை வரும். கிளாஸ் ஏ (பாட்டு இல்லாவிட்டாலும் வால்வில் முழு மின்னோட்டம் ஓடும் வகை) கருவியென்றால் சத்தம் இல்லாதபோதுதான் வால்வு கூடுதலாகச் சுடும். ஆறுதலாக இருக்கும் ஆள் ஒருவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும். ஆகவே அழைக்காத விருந்தாளிகள் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு இருந்து பாட்டுக் கேட்பது போலத்தான் இது.

10 அடிக்கு 12 அடி, 9 அடி உயர அறையில் சுமார் 30 கனமீற்றர் காற்று இருக்கிறது. சுவரும் கூரையும் எதையும் உறிஞ்சாவிட்டால் 180 வாட் அந்தக் காற்றை ஒரு மணித்தியாலத்தில் 18 பாகை ஏற்றிவிடும். உண்மையில் கல்லுச் சுவர் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால் ஏற்றம் சில பாகையோடு நிற்கிறது. ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த மேற்குச் சுவரும், சீலிங் இல்லாத அஸ்பெஸ்டஸ் சீற் கூரையும் பின்னேரம் ஆறு மணிக்கு எதையும் வாங்காது, திருப்பித் தரும். அதே கருவி மாரியில் தொல்லை தராமல் கச்சானில் மட்டும் தருவது இதனால்தான்.

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. கருவியைக் குளிர வைப்பது ஒன்று, அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றுவது மற்றொன்று. அம்பிளிபயருக்கு முன்னால் மேசை ஃபான் வைத்தவர்கள் இரண்டும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த ஃபான் வால்வையும் ட்ரான்ஸ்போமரையும் காப்பாற்றும். அறையை ஒரு பாகைகூடக் குறைக்காது, தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டவும் செய்யும்.

அறைக்கு வழி, காற்றுக்குப் பாதை கொடுப்பதுதான். வெளிக்காற்றைவிட 3 பாகை மட்டும் கூட இருந்தால் போதும் என்றால், ஒரு வாட்டுக்கு மணிக்கு ஒரு கனமீற்றர் காற்று மாற வேண்டும். 180 வாட்டுக்கு மணிக்கு 180 கனமீற்றர். இதை மனதில் வைத்து எக்ஸோஸ்ற் ஃபானின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். நுளம்பு வலையும் தூசியும் அதைக் குறைத்துவிடும் என்பதால் இரு மடங்காக எடுப்பது நல்லது. ஃபான் சீலிங்குக்குக் கீழே அரை அடிக்குள், அம்பிளிபயருக்கு மேலாக இருக்க வேண்டும். காற்று உள்ளே வரும் வழி எதிர்ச் சுவரில் தாழ்வாக, நிழல் பக்கமாக இருக்க வேண்டும். வரும் வழி இல்லாமல் ஃபான் மட்டும் பூட்டினால் அது சத்தம் போடும், காற்று நகராது. சீலிங் ஃபானை வேகமாக விட்டால் மேலே திரண்ட சூட்டை மறுபடி உங்கள் தலைக்கே இறக்கிவிடும். எக்ஸோஸ்ற் ஓடும்போது அதை மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள்.

எந்தச் சுவர் என்பது எங்கள் பக்கத்தில் முக்கியம். கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. மேற்கு அல்லது தெற்குச் சுவரில் எக்ஸோஸ்ற் வைத்தால் காற்று அதை எதிர்த்துத் தள்ளும். சுடு காற்றும் புழுதியும் ஃபான் வழியாகவே உள்ளே வரும். வடக்கோ கிழக்கோ வைப்பதுதான் சரி. ஆனால் வாடைக் காலத்தில் மழை அந்தப் பக்கத்தால் அடிக்கும் என்பதால் தானாக மூடும் தட்டு உள்ள ஃபானாக வாங்க வேண்டும். கச்சான் நாட்களில் மேற்கு யன்னலைப் பொழுது சாயும்வரை சாத்தியே வையுங்கள். யன்னல் திறந்தால் பாட்டு அயல்வீட்டுக்கும் போகும். அதை அயலாரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏசி உள்ளவர்கள் அம்பிளிபயரைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் நியாயமில்லை. 180 வாட் என்பது ஏசியின் வெப்ப அலகில் மணிக்கு 615 பிரியூ (BTU). 9000 பிரியூ ஏசிக்கு அது ஏழு வீதம்கூட இல்லை. ஏசி திணறினால் கூரையைப் பாருங்கள். ஒன்று மட்டும்: உள் அலகுக்குக் கீழே அம்பிளிபயரை வைக்காதீர்கள். வடிகுழாய் அடைத்து ஒரு துளி தண்ணீர் சூடான கண்ணாடியில் விழுந்தால் வால்வு வெடிப்பு விட்டுவிடும். அலுமாரிக்குள் வைப்பதும், லேஸ் துணி விரித்து அதன்மேல் வைப்பதும் வேண்டாம். அடித்தட்டின் துளைகள் மூச்சு விடக் கருவியின் கால்களை 2 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். மேலே 30 சென்ரிமீற்றர், சுற்றி 15 சென்ரிமீற்றர் வெளி விடுங்கள். கருவிக்கென்று ஃபான் வேண்டுமென்றால் கணினியின் 120 மில்லிமீற்றர், 12 வோல்ற் ஃபானை 6 அல்லது 7 வோல்ற் அடப்ரரில் ஓடவிட்டால் காதுக்குக் கேட்காது. அதை இறப்பரில் தொங்கவிட்டு, றெக்கோட் பிளேயரிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி, தேவையில்லாமல் உண்டாகும் வெப்பம். நாங்கள் திருத்தும் கருவிகளில் அதிகம் காண்பது இதுதான். 220 வோல்ற் என்று சுற்றிய ட்ரான்ஸ்போமர் 240 வோல்ற் லைனில் ஓடும்போது 6.3 வோல்ற் ஹீற்றருக்கு 6.87 வோல்ற் போகிறது. அனோட் வோல்ற்றேஜும் அதே ஒன்பது வீதம் ஏறுவதால், 17.6 வாட் எரித்த வால்வு 20 வாட்டைத் தாண்டிவிடலாம். லைன் வோல்ற்றேஜைப் பின்னேரமும் நடுச்சாமமும் மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். கூடுதலாக இருந்தால், 12 வோல்ற், 3 அம்பியர் ட்ரான்ஸ்போமர் ஒன்றின் துணைச் சுற்றை லைனுக்கு எதிர்க்கட்டமாக (லைனிலிருந்து கழியும்படி) தொடரில் கோர்த்தால் 240 வோல்ற் 228 ஆகும். சுற்றைத் தலைகீழாகக் கோர்த்தால் 252 ஆகிவிடும். ஆகவே அம்பிளிபயரைக் கொடுப்பதற்கு முன் ஒரு மின்குமிழைக் கொழுவி அளக்க வேண்டும். ஃபியூஸ், மூடிய பெட்டி, ஏர்த் மூன்றும் கட்டாயம். இது மின்வேலை தெரிந்தவர் செய்யும் வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் கருவிக்கு வோல்ற்றேஜைக் குறைக்கும் ஸ்ரெப் டவுன் மட்டும் போதாது. எங்கள் 50 ஹேர்ட்ஸில் அதன் இரும்புக் கருவின் காந்தப்பாயம் 20 வீதம் கூடுகிறது. ட்ரான்ஸ்போமர் உறுமி, வார்னிஷ் மணந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

பயஸ் அடுத்தது: பாட்டு இல்லாதபோது வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று வைக்கும் அளவு. எலெக்ட்ரன் வெளிவிடும் பகுதியான கதோட்டில் 10 ஓம் றெசிஸ்ரர் இருந்தால் 44 மில்லி அம்பியருக்கு 0.44 வோல்ற் காட்டும். கருவி அரை மணித்தியாலம் ஓடிய பிறகு, லைன் வோல்ற்றேஜ் கூடிய நேரத்தில் சரிசெய்யுங்கள். 36 மில்லி அம்பியருக்கு இறக்கினால் நான்கு வால்விலும் சேர்த்து 13 வாட் மிச்சம். அதற்கும் கீழே போனால் மெல்லிய சத்தத்தில் கரகரப்பு வரும். ஹீற்றர் வோல்ற்றேஜை 6.3க்கு நன்றாகக் கீழே இறக்கி வெப்பத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் கதோட்டைத்தான் கெடுக்கிறார்கள். உள்ளே 400 வோல்ற், பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றரில் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

வால்வின் நடுவில் ஹீற்றர் செம்மஞ்சளாக எரிவது வழமை. கண்ணாடி ஓரத்தில் நீலம் தெரிவதும் அநேகமாகப் பிழையில்லை. சாம்பல் நிற அனோட் தகடே சிவந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். வால்வுக்குப் பாட்டைக் கடத்தும் கப்பிளிங் கப்பாசிற்றர் சூட்டில் பழுதாகிக் கசிந்து, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிறிட்டின் எதிர் (மைனஸ்) வோல்ற்றேஜைத் தின்றுவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றரின் ஆயுள், ஒவ்வொரு 10 பாகைச் சூட்டுக்கும் பாதியாகும். மாற்றும்போது 85 பாகை வகையை விட்டு 105 பாகை வகையைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்குவோர் ஸ்பீக்கரிலிருந்து தொடங்குவது மேல். ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்கு 32 வாட் தேவைப்படும் சத்தத்தை 95 டெசிபல் ஸ்பீக்கர் 4 வாட்டில் தரும். அப்போது சின்ன ஈஎல்84 வால்வுக் கருவியே போதும்; வெக்கையும் அரைவாசிக்கு இறங்கும்.

இறக்கி விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வோல்ற்றேஜ், ஹேர்ட்ஸ், சத்தமில்லாமல் எரியும் வாட் என்ற மூன்று எண்களையும் கருவியின் பின்பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. வாங்குபவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

இப்படிக்கு,
வால்வுக் கருவிகள் திருத்தும் வாசகர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு.