அழைப்பு மணிக்கு எவ்வளவு அதிகாரம்?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம்; நலமறிய ஆவல். உங்கள் மடலைப் படித்தேன். புதிய குழுவில் பொறுப்பேற்றிருப்பது மகிழ்ச்சி. அங்கே இன்னமும் ஒருவர் சர்வருக்குள் நுழைந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டித்தான் புதிய பதிப்பை ஏற்றுகிறார் என்பதையும், அவர் விடுப்பில் போனால் வெளியீடும் விடுப்பில் போய்விடுகிறது என்பதையும் படித்துச் சிரித்துவிட்டேன். என் பக்கத்தில் பெரிய செய்தி ஒன்றுமில்லை. வெவ்வேறு குழுக்கள் அமைத்து வைத்திருக்கும் டெப்ளாய்மென்ட் பைப்லைன்களை, அதாவது புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றும் தானியங்கி ஏற்பாடுகளைத் திறந்து பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வதுதான் சில காலமாக என் முழுநேர வேலை. ஆகவே நீங்கள் கேட்ட வெப்ஹூக் (ஓரிடத்தில் ஒன்று நடந்தவுடன் இன்னொரு சர்வருக்குத் தானாகச் செய்தி அனுப்பும் முறை) விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மடல் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மெயின் பிராஞ்சுக்கு (நிரலின் முதன்மைக் கிளைக்கு) யாரேனும் புஷ் செய்தவுடன் (தம் மாற்றங்களை அனுப்பியவுடன்) உங்கள் சர்வருக்குத் தகவல் வர வேண்டும், வந்ததும் ஸ்கிரிப்ட் ஓடிப் புதிய பதிப்பு ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 2007இல் ஜெஃப் லிண்ட்சே வெப்ஹூக் என்ற பெயரைச் சூட்டிய காலத்திலிருந்து அதன் கவர்ச்சியே இந்த எளிமைதான். ஒரு முகவரியைத் திறந்து வைத்தால் போதும், மீதியை அனுப்புகிறவர் பார்த்துக்கொள்வார். ஆனால் உங்கள் விருப்பத்தையே வேறு வார்த்தைகளில் சொன்னால், இணையத்தில் எவரும் எட்டக்கூடிய ஒரு முகவரிக்கு ஒரு கோரிக்கை வந்தால் உங்கள் சர்வரில் ஒரு நிரல் ஓடும் என்று ஆகிறது. இப்படிச் சொல்லிப் பார்க்கும்போது கொஞ்சம் பயம் வர வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்ஹூக்கை வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணியாக மட்டும் கருதுங்கள். மணி அடித்தால் எழுந்துபோய்ப் பார்க்கிறோம். அடித்தவர் சொல்வதையெல்லாம் கேட்டு நடப்பதில்லை. எந்த ரெப்பாசிட்டரி (நிரல் சேமிப்பகம்), எந்த பிராஞ்ச், எந்த ஸ்கிரிப்ட் என்பவை எல்லாம் உங்கள் சர்வரிலேயே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். வந்த செய்தியிலிருந்து எடுக்க வேண்டியது "ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார்" என்ற ஒன்றை மட்டுமே. நான் பார்த்த ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்த எல்லையைத் தாண்டியதால் வந்தவை.

மணி அடிப்பது யார் என்று பார்ப்பது கையொப்பத்தின் வேலை. கிட்ஹப்பில் வெப்ஹூக்கை அமைக்கும்போது ஒரு ரகசியச் சாவியைக் கொடுக்கிறோம். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற கருவியைக் கொண்டு 32 பைட் நீளத்தில் தற்செயலாக உருவாக்கியதாக அது இருக்கட்டும். குழுவின் பெயரும் ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் வேண்டாம். ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும்போது அந்தச் சாவியையும் செய்தியின் உடலையும் சேர்த்து கிட்ஹப் ஓர் எச்மேக் (சாவி உள்ளவரே கணக்கிடக்கூடிய சரிபார்ப்பு முத்திரை) கணக்கிட்டு, எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256 என்ற ஹெடரில் (செய்தியின் தலைப்பு வரியில்) 64 பதின்அறும இலக்கங்களாக வைக்கிறது. 1997இல் ஆர்எஃப்சி 2104 என்ற இணைய நுட்ப ஆவணமாக வெளிவந்த அதே எச்மேக்தான். உள்ளே இருக்கும் ஹாஷ் (தரவைக் குறுகிய அடையாளமாகச் சுருக்கும் கணக்கு) மட்டும் ஷா-256. நீங்களும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் ஏற்கிறீர்கள். சாவி ஒருமுறைகூடக் கம்பியில் பயணிப்பதில்லை என்பதுதான் இதன் அழகு. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப்பின் ரகசிய டோக்கன் முறையில் நீங்கள் கொடுத்த டோக்கனே ஹெடரில் அப்படியே வந்து சேரும். அங்கே எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) இல்லாமல் வைப்பது சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். கிட்ஹப்பிலும் எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனி ரெப்பாசிட்டரியின் கமிட் (நிரலில் பதிவுசெய்த மாற்றம்) விவரங்களை வழியில் யாரும் படிக்கக்கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவைக்கும் வசதியையும் தொட வேண்டாம்.

கணக்கு எளிது, இடறுவது கணக்கிடும் பொருளில்தான். கையொப்பம் வந்துசேர்ந்த பைட்டுகளுக்கு உரியது. செய்தி வரும் தரவு வடிவமான ஜேசனைப் பிரித்து, ஒரு பொருளாக்கி, மீண்டும் எழுத்தாக்கிக் கணக்கிட்டால் அது வேறொரு செய்தியாகிவிடும். ஒரு குழுவின் பைத்தான் நிரலில் இதை மிக விசித்திரமான வடிவில் பார்த்தேன். அவர்கள் பிரித்து எழுதியதைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி விழாதபடி கவனமாகச் செய்திருந்ததால் அது நெடுநாள் வேலையும் செய்தது. ஒருநாள் ஒருவர் கமிட் குறிப்பைத் தமிழில் எழுதினார். அன்று டெப்ளாய் நின்றுவிட்டது. கிட்ஹப் தமிழ் எழுத்துகளை யுடிஎஃப்-8 ஆக அப்படியே அனுப்பியிருந்தது. பைத்தானின் ஜேசன் நூலகமோ தன் இயல்பான அமைப்பில் ஒவ்வோர் எழுத்தையும் பின்சாய்கோடும் யுவும் நான்கு இலக்கங்களுமாக மாற்றி எழுதியது. கையொப்பம் எப்படிப் பொருந்தும்? அடுத்த நாள் ஆங்கிலத்தில் எழுதிய கமிட் தடையின்றிப் போனதால், கோளாறு கிட்ஹப்பில் என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள். பைத்தானின் வலைச் சட்டகமான ஃபிளாஸ்க்கில் கெட்-டேட்டா தரும் மூல உடலையும், நோடின் எக்ஸ்பிரஸில் ஜேசனாகப் பிரிக்கப்படுவதற்கு முந்தைய பஃபரையும் (மூல பைட்டுகளையும்) எடுத்துக் கணக்கிடுங்கள். கையொப்பம் தேறிய பிறகே ஜேசனைப் பிரியுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதைப் பிரித்துப் பார்க்கும் வேலையும் மிச்சமாகும்.

இரண்டு கையொப்பங்களையும் ஒப்பிட வழக்கமான சமக்குறியைப் பயன்படுத்த வேண்டாம். அது முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடுவதால், பதில் வர எடுத்த நேரத்தை அளந்து சரியான எழுத்துகளை ஊகிக்க ஒரு வாசல் திறக்கிறது. பைத்தானில் கம்பேர்-டைஜஸ்ட், நோடில் டைமிங்-சேஃப்-ஈக்வல், பிஎச்பியில் ஹாஷ்-ஈக்வல்ஸ், கோ மொழியில் எச்மேக்-ஈக்வல் என்று இதற்கெனவே செயற்கூறுகள் உள்ளன. இணையத்தின் ஊடாக இப்படி அளப்பது கடினம் என்று வாதிடுவார்கள்; ஒரு வரி மாற்றத்தில் முடிகிற விஷயத்திற்கு வாதம் எதற்கு? இதைவிட நான் அஞ்சுவது வெற்றுச் சாவியை. சாவி இருக்க வேண்டிய சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்பு) சர்வரில் அமைக்கப்படாமல் போய், நிரலும் அதை வெற்றுச் சரமாக எடுத்துக்கொண்டால், எச்மேக் எந்த முறைப்பாடும் இல்லாமல் கணக்கிடப்படும்; வெற்றுச் சாவி எல்லோரிடமும் இருக்கிறது. சாவி இல்லையென்றால் நிரல் தொடங்கவே கூடாது என்று முதல் வரிகளிலேயே எழுதிவிடுங்கள்.

இனி கையொப்பம் எதைச் சொல்வதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். அது உடலுக்கு மட்டுமே உரியது. ஹெடர்கள் அதில் சேரவில்லை. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் எக்ஸ்-கிட்ஹப்-டெலிவரி என்ற தனி அடையாளம் வருகிறது, அதைக் குறித்துவைத்து ஒரே செய்தி மறுபடி வந்தால் தள்ளிவிடலாம் என்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். தற்செயலாக இரண்டு முறை வருவதைத் தடுக்க இது போதும். ஆனால் பழைய செய்தி ஒன்றைக் கைப்பற்றியவர் அந்த அடையாளத்தை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினால், கையொப்பம் பழுதின்றித் தேறும். பணப்பரிமாற்றச் சேவையான ஸ்ட்ரைப் நேரமுத்திரையையும் சேர்த்துக் கையொப்பமிடுவதால் அங்கே பழைய செய்தியை நேரம் பார்த்தே தள்ளலாம்; கிட்ஹப்பின் கையொப்பத்தில் அப்படி ஒன்று இல்லை. மணி என்று நான் சொன்னதன் பயன் இங்கேதான் தெரிகிறது. செய்தியில் குறிப்பிட்ட கமிட்டை ஏற்றும் ஸ்கிரிப்ட் என்றால், பழைய செய்தியை மறுபடி அனுப்பி உங்களைப் பழைய, ஓட்டையுள்ள பதிப்புக்கே கொண்டுபோய்விடலாம். ஸ்கிரிப்ட் தானே ரெப்பாசிட்டரியிடம் போய், பிராஞ்சின் நுனியில் இப்போது இருப்பது எது என்று கேட்டு, ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதும் அதுவே என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட்டால், யார் எத்தனை முறை மணியடித்தாலும் கெடுதல் இல்லை.

கையொப்பம் சொல்லாத இன்னொன்று, உள்ளடக்கம் நல்லதா என்பது. செய்தியை அனுப்பியது கிட்ஹப்தான் என்று மட்டுமே அது உறுதி சொல்கிறது. உள்ளே இருக்கும் பெயர்களையும் குறிப்புகளையும் எழுதியவர் யாராகவும் இருக்கலாம். பிராஞ்ச் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இடைவெளியையும் கேள்விக்குறியையும் கிட் (கிட்ஹப்பின் அடிப்படை மென்பொருள்) அனுமதிக்காது; ஆனால் டாலர் குறி, பிறை அடைப்புக்குறி, அரைப்புள்ளி, செங்குத்துக்கோடு எல்லாம் தாராளமாக இடம்பெறலாம். அந்தப் பெயரை ஷெல் (இயங்குதளத்துக்குக் கட்டளையிடும் நிரல்) கட்டளைக்குள் ஒட்டினால், பெயரே கட்டளையாக ஓடும். இடைவெளி இல்லாமல் ஷெல் கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பொது ரெப்பாசிட்டரியில் புல் ரிக்வெஸ்ட் (தம் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பும் எவரும் தம் பிராஞ்சுக்கு விரும்பிய பெயரை வைக்கலாம், அதையும் கிட்ஹப் முறையாகக் கையொப்பமிட்டுத்தான் உங்களுக்கு அனுப்பும். எனவே புஷ் நிகழ்வை மட்டும் கேட்டு வாங்குங்கள். எந்த பிராஞ்ச் என்று சொல்லும் ரெஃப் என்ற புலத்தை நீங்கள் எழுதிவைத்த ஒரே மதிப்புடன் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் நல்ல பதிலைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அமைத்தவுடன் வரும் பிங் (சோதனை) நிகழ்வுக்கும் அதே மரியாதை போதும்.

வேலையை எங்கே செய்வது என்பதில் உங்கள் வரைவுடன் நான் முரண்படுகிறேன். கோரிக்கைக்குப் பதில் சொல்லும் நிரலே பில்டையும் (மூல நிரலை ஓடக்கூடியதாக்கும் வேலையையும்) ஓட்டக்கூடாது. 10 வினாடிக்குள் பதில் வராவிட்டால் கிட்ஹப் அதைத் தோல்வியாகக் குறித்துவிடும். எந்த பில்ட் 10 வினாடியில் முடிகிறது? நான் விரும்பும் அமைப்பு இது. மணியைக் கேட்கும் நிரல் அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு பயனராக ஓடும். கையொப்பம் தேறினால் ஓர் அடைவில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துவிட்டு 202 (ஏற்றுக்கொண்டேன்) என்று பதில் சொல்லும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பாத் யூனிட் அந்தக் கோப்பைக் கண்டதும், வேறொரு பயனரின் கீழ் டெப்ளாய் சர்வீஸைத் தொடங்கும். ஸ்கிரிப்டின் முதல் வேலை அந்தக் கோப்பை நீக்குவது, அதன் பிறகே ஃபெட்ச் செய்வது (புதிய நிரலை எடுத்துவருவது). இந்த வரிசை மாறக்கூடாது. வேலை நடக்கும்போது இன்னொரு புஷ் வந்தால் கோப்பு மறுபடி தோன்றும். சர்வீஸ் முடிந்ததும் சிஸ்டம்டி அதைப் பார்த்து மீண்டும் ஓட்டும். ஒரே சமயத்தில் இரண்டு டெப்ளாய்கள் மோதுவதும் இல்லை, இடையில் வந்த புஷ் தவறிப்போவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இணையத்தைப் பார்த்தபடி நிற்கும் நிரலிலிருந்து டெப்ளாய் செய்யும் பயனருக்கு ஒரு சொல்கூடக் கடந்து போவதில்லை. போவதெல்லாம் ஒரு கோப்பு இருக்கிறது என்ற செய்தி மட்டுமே. ரெப்பாசிட்டரியை எடுக்க, படிக்க மட்டும் அனுமதியுள்ள டெப்ளாய் கீ போதும்.

ஒரு டைமரையும் வைத்துக்கொள்ளுங்கள். தோற்றுப்போன அனுப்புதலை கிட்ஹப் தானாக மறுபடி அனுப்புவதில்லை. கடந்த 3 நாள்களுக்குள் நடந்ததை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் சர்வர் மறுதொடக்கத்தில் இருந்த நேரத்தில் வந்த புஷ் அப்படியே தொலைந்துபோகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே வெற்றுக் கோப்பை வைக்கும் டைமர் இருந்தால் அந்தக் கவலை தீர்ந்தது. சில நிமிடத் தாமதம் உங்கள் குழுவுக்குப் பொருட்டில்லை என்றால், டைமரை மட்டும் வைத்துக்கொண்டு வெப்ஹூக்கையே கைவிடலாம் என்றுகூடச் சொல்வேன். டெப்ளாய்மென்ட் கருவியான ஆர்கோ சிடி தன் இயல்பான அமைப்பில் சுமார் 3 நிமிடங்களுக்கு ஒருமுறை ரெப்பாசிட்டரியைத் தானே போய்ப் பார்க்கிறது. திறக்காத வாசலுக்குக் காவல் தேவையில்லை.

கிட்ஹப் வெளியிடும் ஐபி (இணைய முகவரி) வரம்புகளிலிருந்து மட்டும் ஏற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் அந்தப் பட்டியல் மாறக்கூடியது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லாமல் வைத்தால் ஒருநாள் காரணம் தெரியாமல் வெப்ஹூக் நின்றுபோகும். கையொப்பத்தின் இடத்தை அது பிடிக்காது. வலை சர்வரான என்ஜின்எக்ஸ் முன்னால் இருந்தால், அது இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட உடலைத் திருப்பிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிட்ஹப்பின் செய்தி 25 எம்பி வரை போகலாம்.

டெஸ்டுகள் தேறிய பிறகே ஏற வேண்டும் என்ற உங்கள் நிபந்தனைக்கு மெயின் பிராஞ்சைப் பார்ப்பது பொருந்தாது. புஷ் நடந்த நொடியில் டெஸ்டுகள் தொடங்கியிருக்கவே மாட்டா. தேறிய கமிட்டுக்கு மட்டும் வெளியீட்டு பிராஞ்ச் ஒன்றை சிஐ (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) நகர்த்தட்டும். சர்வர் அந்த பிராஞ்சை மட்டும் பார்க்கட்டும். அதற்கு வேறு யாரும் புஷ் செய்ய முடியாதபடி பாதுகாப்பு விதியும் போட்டுவிடுங்கள். மணியை எவ்வளவு காத்தாலும், அந்த பிராஞ்சுக்கு எழுதக்கூடியவர்தான் உண்மையில் உங்கள் சர்வரை ஆள்கிறவர்.

டேட்டாபேஸ் மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் படி) உங்கள் ஸ்கிரிப்டில் எந்த இடத்தில் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பின்னோக்கி எடுக்க முடியாத மாற்றங்கள் அதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் தானியங்கி ஓட்டத்தில் அதைச் சேர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கிரிப்டையே அடுத்த மடலில் அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன். சாவி இருக்கும் வரியை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்