நீலப் பெட்டிக்கு உரியவருக்கு ஒரு நன்றி மடல்

சிங்கப்பூர்,
7 ஏப்ரல் 1991

அன்புடையீர், வணக்கம்.

என் மகள் வீடு திரும்பி இன்றோடு பதினோரு நாட்கள் ஆகின்றன. இந்தப் பதினோரு நாட்களில் மூன்று முறை இந்த மடலை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். நடந்தது என்ன என்பதை நாடே அறியும் என்பதால் அதை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. கோலாலம்பூர் சுபாங்கிலிருந்து மார்ச் 26, செவ்வாய்க்கிழமை இரவு புறப்பட்டு, வழியில் கடத்தப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 117 விமானத்தில் இருந்த 114 பயணிகளுள் என் மகளும் ஒருத்தி என்பதை மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேற்பட்டது அவளுடைய கதை. அவள் சொல்ல விரும்பும் நாளில் அவளே சொல்லட்டும். நான் எழுத வந்தது, அதே இரவில் சாங்கி விமான நிலையத்தின் வருகை மண்டபத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், எனக்கு நேர்ந்ததைப் பற்றி.

முதலில் முறைப்படி சொல்ல வேண்டிய நன்றிகளைச் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளையை மீட்டுத் தந்த ஆயுதப் படை அதிரடி வீரர்களின் பெயரும் முகமும் நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே அவர்கள் பணியின் இயல்பு என்பதால் நான் கேட்கவும் மாட்டேன். புதன் காலை 6.50 மணிக்கு உள்ளே புகுந்து 30 விநாடிகளில், பணயமாக இருந்தவர்களில் ஒருவர் உயிருக்கும் சேதம் இல்லாமல் முடித்தார்கள் என்று படித்தபோது, அந்த அரை நிமிடத்துக்காக அந்த இளைஞர்கள் எத்தனை காலம் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்பதே என் மனத்தில் ஓடியது. அவர்களைப் பெற்ற தாய்மார்களை வணங்குகிறேன். சிட்னிக்குப் பறக்க எரிபொருள் கேட்டு மிரட்டியவர்களிடம் விடிய விடியப் பேசிப் பொழுதை நீட்டித்த அதிகாரிகளுக்கும், அடி வாங்கியும் பயணிகளைக் கைவிடாத விமானிக்கும் பணியாளர்களுக்கும், குறிப்பாக ஓடுதளத்தில் நின்ற விமானத்திலிருந்து வெளியே தள்ளிவிடப்பட்ட அந்த இரண்டு பணியாளர்களுக்கும், மீண்டு வந்தவர்களைப் பரிசோதித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அன்றிரவு என் மனைவியைத் தனியே விடாமல் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்ட எங்கள் புளோக்கின் ஆறாம் மாடி அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவர்களுள் எவரையும் குறைத்து எண்ணி ஒரே பத்தியில் சேர்த்து எழுதவில்லை. இவர்களுக்கு நன்றி சொல்ல நாடே இருக்கிறது. இனி நான் எழுதப் போகிறவருக்கு நன்றி சொல்ல என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

சில நாட்களில் பங்குனி உத்திரம் வரவிருந்தது. அதற்காக நான் விரதம் இருந்து வந்தேன். பகலில் ஒரு வேளைச் சைவ உணவு, இரவில் பாலோ பழமோ. மகளும் உத்திரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே, கோலாலம்பூரில் தன் வேலையை ஒரு நாள் முன்னதாக முடித்துக்கொண்டு அந்த விமானத்தைப் பிடித்தாள். (இதை நினைத்து என் மனைவி இன்னமும் அழுகிறாள். ஒரு நாள் பிந்தி வரச் சொல்லியிருந்தால் என்ன என்று கேட்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது?) அவளை அழைத்துவர நான் இரவு ஒன்பதரைக்கே சாங்கிக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம், சீக்கிரம் வீடு திரும்பிவிடலாம் என்பதால் அந்தப் பாலைக்கூடக் குடிக்காமல் கிளம்பியிருந்தேன்.

செய்தி காதில் விழுந்த பிறகு நேரம் எப்படிப் போயிற்று என்பதை ஒழுங்காகச் சொல்ல என்னால் இயலவில்லை. எங்களுக்கு அதிகம் சொல்லப்படவில்லை. சொல்ல முடியாத காரணம் இப்போது விளங்குகிறது, அப்போது விளங்கவில்லை. வளைகுடாப் போர் ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். என் வயதில் உள்ளவர்களுக்கு அன்றிரவு நினைவுக்கு வந்தது போர் அன்று, 1977 டிசம்பர் 4ஆம் தேதிதான். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போக வேண்டிய மலேசிய விமானம் கடத்தப்பட்டு, சிங்கப்பூரை நோக்கி வரும் வழியில், ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்து, அதில் இருந்த 100 பேரும் மாண்டார்கள். இந்த விமானம் பத்திரமாகத் தரையிறங்கி நிற்கிறது என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், தஞ்சோங் குப்பாங் என்ற பெயர் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

மனைவிக்கு மணிக்கொரு முறை பொதுத் தொலைபேசியிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு எதுவும் இல்லை. இணைப்பு இருக்கிறது என்று இருவரும் உறுதிப்படுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். அதிகாலை ஐந்து மணி அளவில் கடைசிப் பத்துக் காசு நாணயத்தைத் தொலைபேசியில் போட முயன்றபோது என் விரல்கள் நடுங்கி, நாணயம் கை நழுவி உருண்டு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மாவின் வாளியில் போய் முட்டி நின்றது. அவர் அதை எடுத்துத் தம் சீருடையில் துடைத்து என்னிடம் கொண்டுவந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; முக்காடு, இடுப்பில் ஒரு சிறிய பை. என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நாணயத்தைத் தாமே பொந்தில் போட்டு, எண்ணைச் சொல்லச் சொல்லித் தாமே அழுத்தி, ரிசீவரை என் காதில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

நான் பேசி முடித்துத் தூணருகே உட்கார்ந்தபோது அவர் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டியோடு வந்து எதிரே குந்தினார். மூடியைத் திறந்தார்: சோறு, பொரித்த தெம்பே (புளிக்கவைத்த சோயா அவரைக் கட்டி), ஒரு துண்டு மீன். "மாக்கான்", சாப்பிடுங்கள் என்றார். நான் மீனைப் பார்த்துத் தயங்கியதைக் கவனித்து, என் நெற்றியில் இருந்த விபூதியையும் பார்த்துவிட்டு, "புவாசா?" என்று கேட்டார். விரதமா என்று கேட்கிறார் எனப் புரிந்துகொண்டு ஆமென்று தலையசைத்தேன். உடனே அவர், மீன் துண்டைச் சோற்றில் படாதபடி விரல் நுனியால் எடுத்துத் தம் பெட்டியின் மூடியில் வைத்துக்கொண்டு, மீன் பக்கத்தில் இருந்த சோற்றையும் சிறிது மூடிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய சோற்றையும் தெம்பேயையும் பெட்டியோடு என்னிடம் நீட்டினார். உங்களுக்கு என்று கேட்டேன். "சாயா சூடா மாக்கான்", நான் சாப்பிட்டாயிற்று என்றார். மூடியை எடுத்துக்கொண்டு வாளி இருந்த பக்கம் போய்விட்டார்.

நான் சாப்பிட்டேன். மகள் அந்த நிலையில் இருக்கும்போது எனக்குச் சோறு இறங்கியது என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இறங்கியது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். கைநடுக்கம் நின்றது. பெட்டியைக் குழாயடியில் கழுவிக் காயவைத்துக்கொண்டு அவரைத் தேடினால், அவர் வேறு பகுதிக்குப் போயிருந்தார். ஏழு மணிக்குச் சற்று முன்னால், விமானத்துக்குள் அந்த 30 விநாடிகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அநேகமாக நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிறகு யாரோ ஓடிவந்து எல்லாரும் நலம் என்றார்கள், நான் ஓடினேன். மகளைக் கட்டிக்கொண்ட போதும் என் இடக்கையில் அந்தப் பெட்டி இருந்தது. "இது என்னப்பா?" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அன்று மாலை அவளைத் தூங்க வைத்துவிட்டு, ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் கடையநல்லூர் பாய், பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரமலான் மாதம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். மலாய் ஆசிரியர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தவன், நோன்பு மாதத்தில் அவர்கள் எதிரே தண்ணீர்கூடக் குடிக்காதவன். நோன்பு தொடங்குமுன் விடியற்காலையில் உண்ணும் சஹர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் அந்தப் பெண்மணி "புவாசா?" என்று என் விரதத்தைக் கேட்டபோது, அதே சொல் அவருடைய நோன்புக்கும் உரியது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அவர் திறந்தது அவருடைய சஹர் சாப்பாடு. அன்றைக்கு ஆறு மணிக்குச் சற்று முன்னால் தொடங்கிய நோன்பு மாலை ஏழேகால் வரை. அந்தப் பதின்மூன்று மணி நேரத்துக்கும் அதிகமான பொழுதுக்கு, இரவெல்லாம் தரை துடைத்த அந்த உடம்புக்கு, ஒரு துண்டு மீனும் இரண்டு பிடிச் சோறும். "சூடா மாக்கான்" என்றது பொய். பொய்யும் சில இடங்களில் மெய்யின் தகுதி பெறும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் விளக்கியிருக்கிறேன். அதற்கு என் கையில் இருந்த உதாரணங்கள் எல்லாம் இப்போது சப்பென்று தோன்றுகின்றன.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் நலம் விசாரிக்க வந்த நண்பர் ஒருவர், விமானத்தைக் கடத்திய அந்த நான்கு பேரின் ஊரையும் மார்க்கத்தையும் சேர்த்துச் சொல்லி ஏசத் தொடங்கினார். நான் எழுந்து போய் அந்த நீலப் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, இது எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். காப்பியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அவரோடு எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை; அவரும் அன்றிரவு தூங்காதவர்தான்.

அந்த அம்மாவைத் தேடி இரண்டு முறை சாங்கிக்குப் போய்விட்டேன். பெயர் தெரியாது. மக்சிக் (மலாயில் அத்தை) என்று கூப்பிடும் வயதில் உள்ளவர், நீலப் பெட்டி வைத்திருந்தவர் என்று சொன்னால், அங்கே துப்புரவு வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்படிப் பலர் இருக்கிறார்களாம், வேலை நேரமும் மாறி மாறி வருமாம். நம் வீட்டுப் பாத்திரம் என்றால் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பழக்கத்தில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு மட்டும் இருந்தது. தம்முடையது என்று அவருக்கு அடையாளம் தெரிய அது போதும், எனக்குப் போதவில்லை.

ஆகவே இந்த மடலைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் இதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் விமான நிலையத்தில் வேலை செய்யும் தமிழர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பீர்கள்: பெட்டி தூக்குகிறவர்கள், பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள், உணவுக் கடைகளில் நிற்பவர்கள். மார்ச் 27 அதிகாலையில் விபூதி பூசிய ஒரு கிழவனுக்குச் சோறு கொடுத்த அம்மாவை உங்களுள் யாருக்காவது தெரிந்தால், மலாயில் இரண்டு விஷயங்களை அவரிடம் சொல்லுங்கள். அந்தக் கிழவனின் மகள் நலமாக இருக்கிறாள். இன்னும் விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறாள், ஆனால் தூங்குகிறாள். மற்றொன்று, வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணியிலிருந்து நான் அதே தொலைபேசிக்குப் பக்கத்துத் தூணருகே காத்திருப்பேன். அன்று வராவிட்டால் அடுத்த நாள்.

வெள்ளியன்று விடியுமுன் எழுந்து உண்டுவிட்டு, அவர் நோன்பு திறக்கும் நேரம் வரை தண்ணீரும் அருந்தாமல் இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். இது நேர்த்திக்கடன் அன்று. அந்தப் பதின்மூன்று மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. எங்கள் வீட்டுச் சமையலை அவர் உண்பாரா என்று பாயிடம் கேட்டதற்கு, சைவச் சமையல்தானே சார், தாராளமாகக் கொடுங்கள் என்றார். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தருவதாகவும், அதைக் கடைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். மனைவி இந்த வாரம் தெம்பே பொரித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். முதல் முறை கருகிவிட்டது, இரண்டாம் முறை தேவலை. மீனை அந்த அம்மாவே வைத்துக்கொண்டதால் அந்தக் கடன் எங்களுக்கு இல்லை.

பெட்டியின் மூடி அவரிடமே இருக்கிறது. அதனால் மேலே வாழையிலை வைத்து நூலால் கட்டிக் கொண்டுவருவேன். என்னை அடையாளம் காண அதுவே போதும்.

நன்றியுடன்,
அங் மோ கியோவிலிருந்து ஒரு தந்தை