ரவென்னாவிலிருந்து அக்காவுக்கு

ரவென்னா, இத்தாலி
போகி நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேச முடிகிறபோது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. பெரியப்பாவின் செருமல்கூட எனக்குக் கேட்கிறது. அதனால்தான் உன் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு தனியாக உட்கார்ந்து படி.

பத்து நாளாக மூடுபனி. எதிர்வீட்டு ஜன்னல் விளக்குக்கூட மங்கல் மஞ்சளாகத்தான் தெரிகிறது. ஊர் நம்ம டெல்டா மாதிரியே தட்டை, ஏற்றம் இறக்கம் கிடையாது. எழுபது வயதுக்காரர்கள்கூட சைக்கிளில்தான் கடைக்குப் போகிறார்கள். நானும் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். காலையில் வகுப்பு, மாலையில் வீட்டுக்காரப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு அறையும் இரவுச் சாப்பாடும். பாட்டிக்கு 84 வயது, முழங்கால்தான் தகராறு. பியாதீனா என்று தடித்த சப்பாத்தி மாதிரி ஒன்றை இங்கே எல்லாரும் சாப்பிடுகிறார்கள். பன்றிக்கொழுப்பு போட்டுப் பிசைவதுதான் வழக்கம். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும், பாட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆலிவ் எண்ணெய்க்கு மாறிவிட்டார். எனக்கு அன்றைக்கு நம்ம அப்பாயி ஞாபகம் வந்து, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி 1 அன்று நீ அழுதுகொண்டே போன் செய்தாய். தை பிறந்ததும் நம்மோடு வழக்காடுகிற வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வருவதாகவும், சம்பந்தம் ஆகிவிட்டால் வாய்க்கால் ஓரத்து நில வழக்கு தானாக முடிந்துவிடும் என்று பெரியப்பா சொன்னதாகவும் சொன்னாய். நீ இரண்டு முறை வேண்டாம் என்றுவிட்டாய். அதற்கு அத்தை, "ராசியில்லாதவளுக்கு இவ்வளவு நல்ல இடம் வருவதே பெரிசு" என்றாராம். அந்தச் சொல் எனக்கு இங்கே தூக்கத்தில்கூடக் கேட்கிறது. அத்தானின் லாரி விபத்துக்கும் உன் ராசிக்கும் என்ன சம்பந்தம் அக்கா?

நீ போனை வைத்த பிறகு அந்தத் தேதி என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. 417ஆம் வருஷம் இதே ஜனவரி 1 அன்று ஒரு இளவரசிக்கு அவள் சம்மதமில்லாமல் கல்யாணம் நடந்தது. கல்லா பிளாச்சீதியா என்று பெயர். இந்த ஊரில் அவள் பெயரைத் தெரியாதவர்கள் இல்லை.

ரோமப் பேரரசர் தியோடோசியஸின் மகள் அவள். அண்ணன் ஹொனோரியுஸ், சதுப்பு நிலம் சூழ்ந்த இந்த ரவென்னாவில் பத்திரமாக இருந்து ஆட்சி செய்தான். 410இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமைச் சூறையாடியபோது இவள் அவர்கள் கையில் சிக்கினாள். 414இல் அவர்கள் அரசன் அதாவுல்ஃபுக்கும் இவளுக்கும் நார்போன் நகரத்தில் கல்யாணம். வரிசை எப்படித் தெரியுமா? பட்டு உடுத்திய 50 இளைஞர்கள், ஆளுக்கு இரண்டு பெரிய தட்டு. ஒன்றில் பொன், இன்னொன்றில் ரத்தினக் கற்கள். எல்லாம் ரோமில் கொள்ளையடித்தவை! அவள் பிறந்த வீட்டுச் சொத்தையே அவளுக்குச் சீர் வைத்தார்கள். ஆனாலும் அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

பிறந்த ஆண் குழந்தைக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். அது சீக்கிரமே இறந்துபோய், வெள்ளிப் பெட்டியில் வைத்து பார்சிலோனா பக்கம் அடக்கம் செய்தார்கள். 415இல் கணவனையும் கொன்றுவிட்டார்கள். அடுத்து வந்தவன் தன் குதிரைக்கு முன்னால் மற்றக் கைதிகளோடு அவளை 12 மைல் நடக்கவைத்தான். அவனும் ஏழே நாளில் கொல்லப்பட்டான். பிறகு வந்த அரசன், பசியில் வாடிய தன் மக்களுக்காக 6 லட்சம் மோதியுஸ் தானியம் வாங்கிக்கொண்டு அவளை அண்ணனிடம் அனுப்பினான். மோதியுஸ் என்பது நம்ம மரக்கால் மாதிரி ஒரு அளவை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 4,000 டன் கோதுமை வருகிறது. களத்தில் நெல் அளக்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு பெண்ணுக்கு ஈடாக அத்தனை தானியத்தை அளந்து கொட்டியதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஸ்பெயினில் ஹைதாதியுஸ் என்று ஒரு பிஷப் இருந்தார். தெற்கத்தி அரசனின் மகள் வடக்கத்தி அரசனோடு சேருவாள், ஆனால் வம்சம் நிலைக்காது என்ற பைபிள் தீர்க்கதரிசனம் இவள் விஷயத்தில்தான் பலித்தது என்று மற்றவர்கள் நம்பியதை அவர் தன் நூலில் எழுதிவைத்தார். குழந்தையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, இது முன்பே எழுதியிருந்த விதி என்றார்கள். நம்ம அத்தை சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சொல்.

அவள் திரும்பி வந்ததுமே தளபதி கான்ஸ்டான்டியஸ் அவளைக் கேட்டான். பேரரசையே தாங்கிப் பிடித்தவன் அவன்தான், அண்ணனால் மறுக்க முடியாது. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஒலிம்பியோதோரஸ் அவனை நேரில் பார்த்த மாதிரி விவரிக்கிறார். ஊர்வலத்தில் முகம் தொங்கிக் கடுகடுவென்று இருப்பானாம். பிதுங்கிய கண், நீண்ட கழுத்து, குதிரையின் கழுத்தின் மேல் கவிழ்ந்தபடி இரண்டு பக்கமும் பார்வையை ஓட்டிக்கொண்டே போவானாம். விருந்தில் மட்டும் கலகலப்பான ஆள். பிளாச்சீதியா திரும்பத் திரும்ப மாட்டேன் என்றாள். அவள்மேல் காட்ட முடியாத கோபத்தை அவன் அவளுடைய வேலைக்காரர்கள்மேல் காட்டினான். இதைப் படித்தபோது சிலிர்த்துவிட்டது அக்கா. போன வாரம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் அங்கிருந்து அவளுக்கு ஓதிக்கொடுக்கிறாய்" என்று கத்தினாரே, அது ஞாபகம் வந்தது.

கடைசியில் ஜனவரி 1 அன்று, அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அண்ணன் அவள் கையைப் பிடித்துத் தளபதியின் கையில் கொடுத்தான். கல்யாணம் வெகு விமரிசையாக நடந்தது என்கிறார் ஒலிம்பியோதோரஸ். அவள் அழுதாளா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இங்கே நடந்த இன்னொரு விஷயத்தையும் உனக்குச் சொல்ல வேண்டும். மந்திரவாதி ஒருவன் இந்த ஊருக்கு வந்து, படையே இல்லாமல் எதிரிகளை அழித்துக் காட்டுகிறேன் என்றான். அவனை விட்டுவைத்தால் நம் கல்யாணத்தை முறித்துக்கொள்வேன் என்று அவள் கணவனிடம் சொல்லிவிட்டாள். மந்திரவாதியைக் கொன்றுவிட்டார்கள். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கட்டாயத்துக்குக் கழுத்தை நீட்டியவள், அதே கல்யாணத்தை வைத்துத் தளபதியைப் பணியவைத்ததைக் கவனி. 421இல் கான்ஸ்டான்டியஸ் இணைப் பேரரசன் ஆனான், ஏழு மாதத்தில் இறந்தும் போனான். பிறகு ஆறு வயது மகன் பட்டத்துக்கு வந்தபோது, அவனுக்குப் பதிலாக வருஷக்கணக்கில் ஆண்டது இவள்தான்.

போன மாதம் அவள் பெயரில் இருக்கும் கல்லறைக் கட்டடத்துக்குப் போனேன். அவள் இறந்தது ரோமில், இங்கே அடக்கமானதாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் கட்டடம், நம்ம ஊர் பழைய நெல் கிடங்கு மாதிரி. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக அலபாஸ்டர் என்ற ஒளி ஊடுருவும் கல்லின் மெல்லிய தகடு, அதன் வழியாகத் தேன் நிறத்தில் வெளிச்சம் கசிகிறது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீலம் தெரிந்தது. கோடையில் மொட்டைமாடியில் பாய் விரித்து நீயும் நானும் படுத்துக்கிடப்போமே, அந்த வானத்து நீலம். எல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடிக் கற்களைப் பதித்த மொசைக் வேலை. அதில் பொன் நட்சத்திரங்கள், நடுவிலிருக்கும் சிலுவையை நெருங்க நெருங்கச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. அதனால் கூரை மேலே மேலே போவதுபோல் இருக்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே தங்கத் தகட்டை வைத்துச் சுட்டு அந்தப் பொன் கற்களைச் செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி மொசைக்கைப் பாதுகாக்கிற படிப்புதான் என் படிப்பு, ஆனால் அன்றைக்குப் பாடம் எதுவும் ஞாபகம் வரவில்லை. சுவரில் கீழே ஒரு தண்ணீர்க் கிண்ணம், அதனருகே இரண்டு வெள்ளைப் புறா. நாலைந்து நிமிஷம்தான் உள்ளே இருக்க விடுவார்கள். வெளியே வந்து மறுபடி வரிசையில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பாட்டி "பொவெரீனா" என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

பிளாச்சீதியாவின் மகள் ஹொனோரியாவுக்கும் அப்படித்தான் நடக்க இருந்தது. பேரரசனான தம்பி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தான். அவளோ மோதிரம் அனுப்பி, ஹூணர் தலைவன் அட்டிலாவிடம் உதவி கேட்டுவிட்டாள்! தம்பி கடும் தண்டனைக்குத் தயாரானான். வயதான அம்மா குறுக்கே நின்று கெஞ்சி, மகளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டாள். அது 450ஆம் வருஷத்தை ஒட்டி. அதே 450இல் தியோடோசியஸ் என்ற ஒருவரின் உடலை அவளும் போப்பும் செனட்டும் ஊர்வலமாகக் கொண்டுபோய் ரோமில் அரச குடும்பக் கல்லறையில் வைத்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. அது பார்சிலோனாவில் புதைத்த அந்தக் குழந்தைதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். 35 வருஷம் மனதில் வைத்திருந்திருக்கிறாள். அந்த நவம்பரில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அக்கா, வருகிறவர் நல்லவராகவே இருக்கலாம். உனக்குப் பிடித்திருந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான். பிடிக்கவில்லையென்றால் மூன்றாவது முறையும் வேண்டாம் என்று சொல். நில வழக்கு வக்கீல்கள் பாடு. நீ 4,000 டன் கோதுமை இல்லை. அப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், அவர் பதில் சொல்லாவிட்டாலும் படித்துவிடுவார். ஜூன் 20க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அதற்குள் யாராவது தேதி குறித்தால் பள்ளிக்கூட ஆபீஸ் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடு, எந்த நேரமானாலும் நான் கூப்பிடுகிறேன்.

பாப்பாவுக்கு நீலக் கண்ணாடிக் கல் நாலு வைத்திருக்கிறேன். வகுப்பில் நானே வெட்டியது, ஓரம் கூர்மையாக இருக்கும். நீ தேய்த்துவிட்டுக் கொடு.

உன் தங்கை